இரண்டு முறை செத்த பவளப்பாம்பு!

“பாம்பு...! ஐயோ, பாம்பு கடிச்சிடுச்சு...!”

மாட்டு வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அந்த அலறல் செஞ்சிக் கடைவீதியைத் தாண்டி அரசு மருந்தகத்துக்குள் நுழைந்துவிட்டது.

கம்பவுண்டர் செபாஸ்தியான் கலக்கிக்கொண்டிருந்த இருமல் மருந்தை அப்படியே வைத்தார்.

1964. புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி.

டாக்டர் ஊரில் இல்லை. கோர்ட்டில் சாட்சி சொல்ல விழுப்புரம் போயிருந்தார். மூன்று மணி பஸ்ஸில்தான் வருவார். அதுவரை செபாஸ்தியான்தான் எல்லாம்.

வாசலுக்கு ஓடினார்.

வண்டியில் கிடந்த ஆளைக் குனிந்து பார்த்தார்.

கோதண்டராமன்! பக்கத்து வீட்டுக்காரர்!

போன வாரம்தான் சாக்கடைத் தண்ணீருக்காக நடுத்தெருவில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. கோபத்தில் செபாஸ்தியான் கத்திய வார்த்தை தெருவுக்கே கேட்டிருந்தது.

“நீ பாம்பு புடுங்கித்தான்யா சாவே!”

இப்போது...

வண்டியின் ஓரத்தில் கோதண்டராமனின் மனைவி அமிர்தவல்லி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அலறி அலறித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“அண்ணே... பாருங்கண்ணே... ராஜகிரி மலையில அம்மனுக்குப் பொங்கல் வெச்சிட்டு ஏறினோம்... பாறை சந்துலேர்ந்து வந்துச்சு... கணுக்கால்ல...”

செபாஸ்தியான் நாடியைப் பிடித்தார்.

இல்லை.

மார்பில் காதை வைத்தார்.

இல்லை!

“போயிட்டாரும்மா...”

அவள் அலறவில்லை. வெறுமனே அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு என்னமோ போலிருந்தது.

கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு சின்னத் துளைகள். வீக்கமில்லை. உதட்டோரம் நுரை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இமையை விலக்கினார்.

கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது!

செபாஸ்தியானின் விரல் நின்றது. பாம்பு கடித்தவர்களின் கண்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றை மட்டும் பார்த்ததில்லை. இதே மாதிரி கண்ணை வேறொரு இடத்தில் பார்த்திருந்தார். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வந்தவர்களிடம்!

“இன்னா கம்பவுண்டரே... முடிஞ்சிதா?”

சப்-இன்ஸ்பெக்டர் வீராசாமி வெற்றிலையை அதக்கியபடி உள்ளே வந்தார். பின்னால் கோட்டைக் காவல்காரர் பெரியதம்பி. கையில் ஒரு நீளக் குச்சி. குச்சி நுனியில் பாம்பு.

“இதாங்க கடிச்சது! அந்தம்மாவே கல்லால நசுக்கிட்டாங்க. முப்பது வருசமா கோட்டையில கெடக்கறேன். இப்படி ஒரு பாம்பை நான் பார்த்ததே இல்லீங்க!”

கூட்டம் எட்டிப் பார்த்தது.

“புதையல் காக்கற பாம்புடா!”

“ராஜா காலத்துப் பாம்பு...!”

செபாஸ்தியானும் பார்த்தார்.

கருநீல உடம்பு. இரண்டு பக்கமும் வெளிறிய கோடு. தலையும் வாலும் மட்டும் வேறு நிறம். ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்து, இப்போது பழைய செங்கல் போல வெளுத்துப்போன நிறம்.

அது குச்சியிலிருந்து நேராகத் தொங்கவில்லை. ஜாடிக்குள் சுருட்டி வைத்தது போல வளைந்து வளைந்தே நின்றது!



அந்தப் பாம்பை அவருக்குத் தெரியும். அது என்ன பாம்பு என்று செஞ்சியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏனென்றால்... அது அவர் வீட்டுப் பாம்பு!

“இன்னாய்யா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீரு? பாம்புக் கடின்னு எழுதிக்கலாமா?”

“டாக்டர்... டாக்டர் வந்துடட்டுங்க ஐயா.”

“வந்து அவர் இன்னா சொல்லப் போறாரு? நீங்க சொல்றதைத்தான் அவரும் சொல்வாரு.”

அதுதான் உண்மை. அதுதான் பயமாகவும் இருந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏணியைப் போட்டுப் பரண் மேல் ஏறினார்.

தகரப் பெட்டி இருந்தது. அதற்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்திருந்த கண்ணாடி ஜாடி...

இல்லை!

தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

செபாஸ்தியான் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மலேயாவில் பதினெட்டு வருடம். மழைக்காட்டை வெட்டிப் போட்ட ரப்பர் தோட்டத்தில், காயத்துக்குக் கட்டுப்போடும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேலை. காட்டு விளிம்பில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பால்சாமி, ஈர இலைச் சருகில் கால் வைத்தான். சிவப்புத் தலையும் சிவப்பு வாலுமாக ஒன்று நெளிந்தது. பவளப்பாம்பு! இருக்கிற இடம் தெரியாமல் சருகுக்குள் கிடக்கும். மற்றப் பாம்புகளைத்தான் தின்னும். மிதித்தால் ஒழிய மனிதன் பக்கம் வராது.

பால்சாமி மிதித்துவிட்டான்.

இரண்டு மணி நேரம் செபாஸ்தியானின் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தான். மருந்தில்லை. கடைசி வரைக்கும் “அண்ணே, ஊருக்குப் போவணும்ணே” என்றான்.

பால்சாமி ஊருக்கு வரவில்லை. அவனைக் கொன்ற பாம்பு ஸ்பிரிட் ஜாடிக்குள் ஊறிக்கொண்டு கப்பலேறி வந்தது. ஏன் அதைக் கொண்டுவந்தோம் என்று செபாஸ்தியானுக்கே தெரியாது. தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை.

“இன்னாங்க... பரண்ல இன்னா தேடுறீங்க?”

கீழே சவரியம்மாள். அவர் மனைவி.

“ஜாடி எங்கே?”

“எந்த... எந்த ஜாடி?”

“பாம்பு ஜாடி!”

“எனக்கு இன்னா தெரியும்? அந்தக் கருமத்தை நான் தொடுறதே இல்ல...”

சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை ஜெபமாலை மணிகளை வேகமாக உருட்டியது.

முப்பது வருட தாம்பத்தியம். பொய் சொன்னால் அவருக்குத் தெரியாதா?

“சவரி... கோதண்டராமன் செத்துட்டான். அவன் பக்கத்துல நம்ப பாம்பு கெடக்குது.”

“மாதாவே...!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கணம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சவரி! கதவைத் தொற!”

உள்ளே விம்மல் சத்தம் மட்டும் கேட்டது.

சாக்கடைச் சண்டையில் அவரைவிட அதிகமாகக் கொதித்தவள் அவள்தான். ‘இந்த ஆளுக்கு ஒரு கேடு வராதா’ என்று தினமும் புலம்பியவள். ஆனால் அதற்காக...?

சே! என் சவரியா?

அப்படியானால் ஏன் பொய் சொல்கிறாள்?

சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

*

மருந்தகத்துக்குத் திரும்பியபோது வாசலில் ஒரே கூச்சல்.

கோதண்டராமனின் தாய் விருத்தாம்பாள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள்.

“இதோ வராம்பாரு! இவன்தான் என் புள்ளைய சபிச்சான்! பாம்பு புடுங்கித்தான் சாவேன்னு வாயால சொன்னான்! நாசமாப் போவ...!”

வீராசாமி செபாஸ்தியானை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

“கெழவி சொல்றது நெசமா?”

“கோபத்துல சொன்னதுங்க.”

“நானும் தினம் எங்க அதிகாரிய சபிக்கறேன். அவருக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல. உங்க வாய்க்கு நல்ல பவர்யா!”

சிரித்தார். செபாஸ்தியான் சிரிக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டேகாலைக் காட்டியது. இன்னும் முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டாக்டர் வருவார். கணுக்காலைப் பார்ப்பார். பாம்பைப் பார்ப்பார். கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் சிதை எரிந்துவிடும். சவரிக்கு ஒன்றும் ஆகாது.

பெஞ்சில் துணி போர்த்திக் கிடந்தான் கோதண்டராமன். போர்வைக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

பிடிக்காத ஆள்தான். சண்டைக்காரன்தான். ஆனாலும் எவனோ ஒருவன் அவனுக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டு, பழியைச் செத்த பாம்பின் மேல் போட்டிருக்கிறான். இத்தனை வருடம் உயிரைக் காப்பாற்றும் தொழில் பார்த்துவிட்டு, அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதா?

“ஐயா...”

“சொல்லுங்க.”

“அந்தப் பாம்பைக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

வீராசாமி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் குனிந்தார். மறுபடியும் குனிந்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது.

“இன்னாய்யா இது... பாம்புல உங்க மருந்து ரூம் வாசனை வருது?”

செபாஸ்தியான் கத்தியை எடுத்துப் பாம்பின் உடம்பைக் கீறினார். ரத்தம் ஒரு பொட்டுகூட வரவில்லை. ரப்பரை வெட்டியது போல வாய் பிளந்தது.

“இது இன்னிக்குச் செத்த பாம்பு இல்லீங்க. இது செத்து ஒம்பது வருசமாவுது. இந்த ஜாதி நம்ப ஊர்லயே கெடையாது. மலேயாக் காட்டுப் பாம்பு. கோதண்டராமன் செத்தது பூச்சி மருந்தால. கண்ணைப் பாருங்க. கால்ல இருக்கறது பல்லுத் தடம் இல்ல... ஊசித் தடம்!”

வீராசாமி மெல்ல நிமிர்ந்தார். குரலில் இருந்த கேலி போயிருந்தது.

“மலேயாப் பாம்பு செஞ்சிக்கு எப்படி வந்துச்சு?”

“நான்தான் கொண்டாந்தேன்.”

“ஓஹோ!”

“என் வூட்டுப் பரண்ல ஜாடியில இருந்துச்சு. இப்ப இல்ல.”

“அப்படின்னா... பாம்பு உங்களுது. சாபம் உங்களுது. ஊசியும் உங்க கையில. மருந்தும் விஷமும் தெரிஞ்ச ஆளும் நீங்கதான்!” வீராசாமி கதவைச் சாத்தினார். “கம்பவுண்டரே, நான் சும்மா பாம்புக் கடின்னு எழுதிட்டுப் போயிருப்பேனே! ஏன்யா நீங்களே கழுத்தை நீட்டுறீரு?”

“நான் செய்யலீங்க.”

“அப்ப உங்க வூட்ல வேற யாரு?”

செபாஸ்தியான் குனிந்து கத்தியைத் துடைத்தார்.

“உங்க வூட்ல வேற யாரு இருக்காங்கன்னு கேட்டேன்!”

படார்!

கதவு திறந்தது. சவரியம்மாள்! வெயிலில் ஓடி வந்ததில் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“அவரை ஒண்ணும் பண்ணாதீங்க சாமி! ஜாடிய எடுத்துக் குடுத்தது நான்தான்!”

“சவரி!”

“பொய் சொல்லிட்டேங்க. பயமாயிடுச்சு...” அவள் புருஷனைப் பார்த்து அழுதாள். “சனிக்கெழம நீங்க வேலைக்கிப் போனப்புறம் வந்து கேட்டாரு. ஜாடி இருக்கறது அவருக்கு முன்னமே தெரியும். ‘பள்ளிக்கூடத்துல பசங்களுக்குக் காட்டக் கேக்கறாங்க, ரெண்டு நாள்ல திருப்பித் தரேன். உங்க வூட்டுக்காரர் கிட்ட இப்ப சொல்லாதீங்க, கோவமா இருக்காரு. நானே வந்து சமாதானம் பேசி, சாக்கடையையும் திருப்பி வுட்டுடறேன்’னாரு. சண்டை தீர்ந்தா போதும்னு குடுத்துட்டேன்.”

“யாரும்மா கேட்டது? பேரைச் சொல்லு!” வீராசாமி அதட்டினார்.

சவரியம்மாள் விரலை நீட்டினாள்.

பெஞ்சில் போர்த்திக் கிடந்த பிணத்தை நோக்கி!

“அவருதாங்க.”



“செத்தவனேவா?” வீராசாமி தலையைச் சொறிந்தார். “தன்னைக் கடிக்கறதுக்குத் தானே பாம்பு வாங்கிட்டுப் போனானா?”

“தனக்கில்லீங்க...” செபாஸ்தியான் மெதுவாகச் சொன்னார். “அவன் கூட மலை ஏறினது ஒரே ஒரு ஆளு.”

மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

வேப்பமரத்தடியில் அமிர்தவல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பெண்கூட இல்லை.

*

உள்ளே வந்ததும் அவள் மேஜை மேலிருந்த பாம்பைப் பார்த்தாள். கீறிய உடம்பைப் பார்த்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

“தெரிஞ்சிடுச்சா அண்ணே?”

“நீதான் சொல்லணும் அமிர்தம்.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

“பன்னெண்டு வருசமா புள்ளை இல்ல. மாமியார் பனமலையில ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கு. ஆனா ஒருத்தி உசிரோட இருக்கறப்ப இன்னொருத்திய கட்டினா ஜெயிலுன்னு சட்டம் வந்துட்டதே... அதனால வூட்ல தினம் ரகளை. போன வாரம் திடீர்னு மாறிட்டாரு. ‘சித்தாமூர் பக்கம் ஒரு வைத்தியரு கஷாயம் குடுத்திருக்காரு. அம்மனைக் கும்பிட்டுட்டு மலை மேல வெச்சு ரெண்டு பேரும் குடிக்கணும்’னாரு. எனக்கு அவ்ளோ சந்தோசம்ணே.”

“அப்புறம்?”

“காலையில ஏறினோம். பையை என் கிட்ட குடுக்கவே இல்ல. அவரே தூக்கிட்டு வந்தாரு. படி திரும்பற எடத்துல ரெண்டு டம்ளர்ல ஊத்தினாரு. ‘இது உன்னுது, இது என்னுது’ன்னு வெச்சிட்டு, கை அலம்ப சுனைப் பக்கம் போனாரு. நான் மோந்து பாத்தேன். அவரு டம்ளர்ல வெறும் கசப்பு வாசனை. என்னுதுல தேன் வாசனை.”

அவள் புடவைத் தலைப்பை முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் தேன் கலந்திருக்காரேன்னு நெஞ்சு கரைஞ்சி போச்சுண்ணே! பன்னெண்டு வருசத்துல எனக்குன்னு ஒரு முழம் பூ வாங்கினதில்ல அந்த மனுசன். அவருக்குக் கசப்பே ஆவாது. வாந்தி எடுத்துடுவாரு. நான்தான் எதையும் முழுங்கிடுவேனே... அதனால...”

“அதனால?”

“டம்ளரை மாத்தி வெச்சிட்டேன்.”

சவரியம்மாள் “சேசுவே...” என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்தாரு. மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சாரு. குடிச்சிட்டு என்னைப் பாத்தாரு. ‘இன்னாடி இது... இனிக்குது?’ன்னு கேட்டாரு. அதாங்க அவரு கடைசியா பேசினது!”

வீராசாமி வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். துப்ப மறந்துவிட்டார்.

“துடிச்சாரு. நுரை தள்ளிச்சு. தண்ணி எடுக்கலாம்னு பையைப் பிரிச்சேன். உள்ள வாழையிலைல சுத்தி இந்தப் பாம்பு! கூடவே ரெண்டு கோணி ஊசி... சேத்து நூல் சுத்தி...” அவள் குரல் உடைந்தது. “அப்பதாண்ணே தேன் எதுக்குன்னு புரிஞ்சுது.”

“ஏம்மா, அப்பவே ஓடி வந்து உண்மையைச் சொல்றதுதானே?” வீராசாமி கேட்டார்.

“யாரு நம்புவாங்க சாமி? மலை மேல நாங்க ரெண்டே பேரு. டம்ளரை மாத்தினது என் கை. ‘மலடி, புருசனுக்கு விஷம் வெச்சிட்டா’ன்னு தூக்குல போட்டிருப்பாங்க. அதான்... எனக்குன்னு கொண்டாந்த பாம்பை அவரு பக்கத்துல போட்டேன். எனக்குன்னு கொண்டாந்த ஊசிய அவரு கால்ல குத்தினேன். குத்துறப்ப அவரு கண்ணு தொறந்திருந்துச்சு அண்ணே... என்னையே பாத்துக்கிட்டு...”



செபாஸ்தியான் ஜன்னலோரம் போய் நின்றார். உண்மையைச் சொல்லித் தன் வீட்டைக் காப்பாற்றியாகிவிட்டது. இவளை?

“பேசாம இருந்திருக்கலாமோ சவரி?” என்றார் மெதுவாக.

சவரியம்மாள் போய் அமிர்தவல்லியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாக்கடைச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

*

வீராசாமி வெற்றிலை போடுகிற ஆள்தான். ஆனால் வேலையில் சுத்தம்.

அமிர்தவல்லி சுனையில் வீசியிருந்த பாட்டிலையும் ஊசியையும் தேடி எடுத்தார். மெட்ராஸிலிருந்து பரிசோதனைக் கடிதம் வந்தது. செத்தவன் வயிற்றில் பூச்சி மருந்து, தேன், கஷாயம்! பூச்சி மருந்தை விற்ற கடைக்காரர் கோதண்டராமன் கையெழுத்துப் போட்ட நோட்டை நீட்டினார். பனமலைப் பெண்ணின் தகப்பனார், ‘ஐப்பசியில கல்யாணம் வெச்சுக்கலாம்’ என்று கோதண்டராமன் தேதி குறித்துக்கொண்டு போனதை ஒப்புக்கொண்டார்.

செபாஸ்தியான் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். பாம்பைப் பற்றி, கண்ணைப் பற்றி... அதோடு யாரும் கேட்காமலேயே அமிர்தவல்லியைப் பற்றியும்! மாஜிஸ்திரேட் இரண்டு தடவை அதட்டியும் நிறுத்தவில்லை.

தடயத்தை மறைத்த குற்றத்துக்கு அவளைக் கோர்ட் கலையும் வரை உட்காரச் சொல்லி, எச்சரித்து விட்டார்கள். தொண்டூர் அண்ணன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தது சவரியம்மாள்.

போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் கட்டை மூடுகிற நாள். ரைட்டர் ஏட்டு ஜெயராமன் பேனாவும் கையுமாகத் தடுமாறினார்.

“ஐயா... கொலையானவர் கட்டத்துல கோதண்டராமன். குத்தவாளி கட்டத்துலயும் கோதண்டராமன். மேலதிகாரி பாத்தா என்னைத் திட்டுவாருங்க. எதுனா ஒண்ணை அடிச்சிடட்டுமா?”

“அடிக்காதய்யா! ரெண்டும் கரெக்டு.” வீராசாமி புதிதாக ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“இருபது வருச சர்வீஸ்ல, ஒரு வாய்தா கூட வாங்காம அன்னிக்கே தண்டனைய முடிச்சுக் குடுத்த குத்தவாளி இவன் ஒருத்தன்தான்யா!”